பிரவுன் அட்டைக்குள் நாலாம் வகுப்பு

கள்ளிக்குப்பம் மெயின் ரோட்டில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, போன திங்கட்கிழமை ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். எங்கள் டியூஷன் சென்டரின் டைரக்டர் கோட்டு போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பதினாறு வருடமாக அவரிடம் வேலை பார்க்கிறேன், ஒரு நாளும் அவரைக் கோட்டில் பார்த்ததில்லை. ஸ்டுடியோக்காரன் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டிருக்கிறான். அது போகட்டும். அவர் தலைக்கு மேலே மஞ்சள் எழுத்தில் இப்படிப் போட்டிருந்தது: 'எதுவரைக்கும் தெரியும்? அங்கிருந்து ஆரம்பிப்போம்!' கீழே ஒரு மூலையில் ஒரு பெண்ணின் படம். படத்துக்கு இந்தப் பக்கம் 11, அந்தப் பக்கம் 72. அந்தப் பெண்ணைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த வாக்கியம் டைரக்டருடையது இல்லை. அதைச் சொன்னதற்காகத்தான் ஒரு மனுஷியை எங்கள் சென்டர் மாடியிலிருந்து இறக்கி அனுப்பினார்கள். இப்போது அதையே மஞ்சள் பெயின்ட் அடித்து ரோட்டில் மாட்டியிருக்கிறார்கள். வெட்கம் என்கிற ஒன்று இருந்தால் வேறு ஒரு வாக்கியமாவது யோசித்திருப்பார்கள்.

அந்த மனுஷி எங்கள் சென்டரில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தார். பெயரை எங்கும் போடாதீர்கள் என்று அவரே ஒருமுறை சொன்னதால் எழுதவில்லை. பிள்ளைகளும் நாங்களும் 'மிஸ்' என்றுதான் கூப்பிட்டோம். நாற்பது வயது இருக்கும். கணவருக்கு ஆவடி தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. ஆவடியில் பல வருடம் இருந்தும் பேச்சில் தெற்கத்தி வாடை போகவில்லை. ரயிலில் அம்பத்தூர் வந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, மாடிப்படி ஏறி வரும்போது தோளில் ஒரு பை தொங்கும். ஒருநாள் பாவம் என்று வாங்கிப் பார்த்தேன், என் தோள் இறங்கிவிட்டது. பத்தாவது கணக்குப் புத்தகம் ஒன்றுதானே, இவ்வளவு கனமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு வகுப்புக்குள் போய்விட்டார்.

புதிதாக வருகிற பிள்ளையிடம் நாங்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி, "போன பரீட்சைல எவ்ளோ மார்க்?" மிஸ் அதைக் கேட்டதே இல்லை. பக்கத்தில் உட்காரவைத்து, "இதுல உனக்கு எதுவரைக்கும் தெரியும்?" என்பார். பிள்ளை முழிக்கும். "சரி, இதுக்கு முந்துனது?" பிறகு அதற்கும் முந்தையது. அரை மணி நேரம்கூடப் பின்னாலேயே போவார். ஏதோ ஒரு இடத்தில் பிள்ளை, "இது தெரியும் மிஸ்" என்று நிமிர்ந்து உட்காரும். அந்த இடத்தில் மிஸ் ஒரு டிக் போடுவார். மறுநாள் பாடம் அங்கேயிருந்துதான்.

அந்தக் கேள்வி அவர் வாயில் ஊறிப்போயிருந்தது. ஒருநாள் சென்டரில் மோட்டார் ஓடவில்லை. எலக்ட்ரீஷியன் மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு, "காயில் எரிஞ்சி பூட்ச்சி சார், புதுசு மாத்தணும்" என்று அடித்துச் சொன்னான். படியில் நின்றுகொண்டிருந்த மிஸ், "தம்பி, கரன்ட் எதுவரைக்கும் வருதுன்னு பாத்தியா?" என்று கேட்டார். அவன் முறைத்துக்கொண்டே போர்டைத் திறந்து பார்த்தான். ஃப்யூஸ் போயிருந்தது. "டீச்சர் எனக்கே டியூஷன் எடுக்குறாங்க" என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனான்.

வகுப்பை அவர் முடிக்கிற விதமும் விநோதமாக இருக்கும். ஆறு கணக்கு கொடுப்பதாகச் சொல்லி ஐந்தோடு நிறுத்திவிடுவார். "இன்னொண்ணு மிஸ்" என்று பிள்ளைகள் கத்துவார்கள். "நாளைக்கு" என்று பையைத் தூக்கிவிடுவார். என் அறையில் ஏழேமுக்காலுக்கே எல்லாக் கண்ணும் கடிகாரத்தில் இருக்கும். பக்கத்து அறையில் இப்படிக் கத்துகிறார்கள். எனக்குப் பொறாமை வந்தது. இதைச் சொல்லிக்கொள்ள இப்போது கூசவில்லை. வீட்டுக்குப் போகுமுன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, இன்றைக்கு எதுவரைக்கும் தெரியும் என்று பிள்ளையே ஒரு வரி எழுத வேண்டும். அதை அவர் திருத்த மாட்டார், கையெழுத்து மட்டும் போடுவார்.

எங்கள் சென்டரில் ஊக்கம் என்றால் அது வேறு விஷயம். வருஷத்துக்கு ஒரு தடவை கல்யாண மண்டபம் பிடிப்பார்கள். கன்னத்தோரம் மைக் மாட்டிக்கொண்டு ஒருத்தர் வருவார். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுச் சோகமாக வயலின் போடுவார்கள். "உங்கம்மா கையப் பாருங்க! அந்தக் கை உனக்காகத்தானே தேஞ்சிருக்கு!" என்று அவர் கத்த, பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழும். பெற்றோர் அழுவார்கள். ஒரு வருஷம் ஒரு பெண் மயங்கியே விழுந்தாள். அதையும் வீடியோ எடுத்துப் போட்டார்கள். கடைசியில் ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்து, எடுக்கப் போகிற மார்க்கை எழுதச் சொல்வார்கள். மிஸ் எங்களோடு இருந்த வருஷம், அன்றைக்கு முழுக்க அவர் மண்டபத்துப் படியில் உட்கார்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் வகுப்பில், "நேத்து எல்லாரும் நல்லா அழுதீங்க, சரி. அழுததுல யாருக்காவது பின்னம் வந்திச்சா?" என்று கேட்டாராம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்திருக்கின்றன. அந்தச் சிரிப்பு டைரக்டர் காதுவரை போய்விட்டது. அன்றிலிருந்தே அவருக்கு மிஸ்ஸைப் பிடிக்காமல் போனது.

அந்த மண்டபத்தில் அழுதுகொண்டே அட்டையில் 'கணக்கு 100' என்று எழுதிய பெண்ணின் பெயர் பர்வீன். காலாண்டில் அவள் எடுத்தது பதினொன்று. அவள் அப்பா தையல்காரர், கடை பூந்தமல்லியில் இருக்கிறது, குடியிருப்பு கள்ளிக்குப்பத்தில். அவள் படித்த பள்ளிக்கூடம் வருஷா வருஷம் நூறு சதவீதம் தேர்ச்சி காட்டுகிற பள்ளிக்கூடம். எப்படிக் காட்டுகிறார்கள் என்பது இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். தேறாது என்று தோன்றுகிற பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டு, டி.சி. வாங்கிக்கொண்டு பிரைவேட்டாக எழுதச் சொல்லிவிடுவார்கள். பிறகு நூறு சதவீதம் வராமல் என்ன செய்யும்? பர்வீனின் அப்பாவையும் அப்படித்தான் கூப்பிட்டுச் சொன்னார்கள். அரையாண்டில் கணக்கில் முப்பத்தைந்து எடுக்காவிட்டால் டி.சி. கையில் இருக்கும். அவர் அழுது கேட்டதற்கு, "உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம் பாய்" என்றார்களாம். எவ்வளவு நல்ல மனசு!

டி.சி. கொடுத்துவிட்டால் அதோடு படிப்பு முடிந்தது என்று வீட்டில் பேசிவிட்டார்கள். பர்வீனுக்குக் கையில் இருந்தது இரண்டரை மாதம்.

மிஸ் அவளோடு பின்னால் போனார். பத்தாவது தெரியவில்லை, எட்டாவது தெரியவில்லை, ஆறாவதும் தெரியவில்லை. நாலாவதில் போய் நின்றது. அந்த வருஷம் பர்வீனுக்கு மஞ்சள் காமாலை வந்து இரண்டு மாதத்துக்கு மேல் பள்ளிக்கூடமே போகவில்லை. வகுத்தலும் பின்னமும் நடந்தது அந்த மாதங்களில். திரும்பி வந்தவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதற்கப்புறம் ஆறு வருஷம், ஆறு டீச்சர்கள், ரேங்க் கார்டில் 'கவனம் தேவை' என்று எழுதி எழுதியே மேலே ஏற்றிவிட்டிருக்கிறார்கள். யாருடைய கவனம் தேவை? இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அரையையும் காலையும் கூட்டு என்றதற்குப் பர்வீன் மேலே இருந்ததை மேலேயும் கீழே இருந்ததைக் கீழேயும் கூட்டி ஆறில் இரண்டு என்று எழுதினாள். மிஸ் அடிக்கவில்லை. மறுநாள் பையிலிருந்து ஒரு இஞ்ச் டேப்பை எடுத்து மேசையில் போட்டார்.

"அரை இஞ்சோட கால் இஞ்ச சேத்தா எவ்வளவு?"

"முக்கால் இஞ்சு. இன்னா மிஸ், இது கூடவா தெரியாது?"

"எனக்குத் தெரியும். நீ நேத்து எழுதின ஆறில் ரெண்டு இந்த டேப்புல எங்க இருக்கு, காட்டு."

பர்வீன் ஒரு இஞ்சை விரலால் ஆறாகப் பிரித்து, இரண்டை எண்ணிப் பார்த்தாள். அது அரைக்கும் கீழே நின்றது. "மிஸ், அரையோட கால சேத்தா அரைய உட சின்னதா வந்துகீது!" என்று அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இது அவளே பின்னாளில் எனக்குச் சொன்னது. அவளுக்குத் தெரிந்த இடம் அப்பாவின் டேப்பில் இருந்தது. ஆறு வருஷமாக ஒருத்தரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மிஸ்ஸின் பையில் இருந்த கனம் இதுதான். மூன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை எல்லாக் கணக்குப் புத்தகங்களும் அதில் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பிரவுன் அட்டை. லேபிளில் 'கணக்கு' என்று மட்டும் இருக்கும், வகுப்பு இருக்காது. யார் எந்த வகுப்புப் புத்தகம் வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. மார்க் வரிசைப்படி பெஞ்சில் உட்காரவைக்கிற சென்டரில், அந்த அட்டைக்குள்தான் அந்தப் பிள்ளைகள் கொஞ்சம் மானத்தோடு இருந்தார்கள்.

அந்த அட்டையைக் கிழித்தது நான்தான்.

நவம்பரில் டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். "இன்னா சார், உங்க சயின்ஸ் புக்கு முழுசா ரெண்டு ரவுண்டு ஓடிக்கீது, கணக்கு ஒரு ரவுண்டே ஓடல. பேரண்ட்ஸ் கேக்குறாங்க. இன்னா நடந்துகினு கீதுன்னு போய்ப் பாருங்க." நான் சீனியர். சீனியர் என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பியதில் தலை கால் புரியவில்லை. நேராக மிஸ்ஸின் வகுப்புக்குள் போனேன். கடைசி பெஞ்சில் பர்வீன் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் இருந்த புத்தகம் மெலிசாக இருந்தது. வாங்கினேன். பர்வீன் உடனே விடவில்லை, ஒரு நொடி பிடித்தாள். நான் இழுத்தேன். அட்டை என் கையோடு வந்துவிட்டது.

"நாலாம் வகுப்பு, இரண்டாம் பருவம்" என்று உரக்கப் படித்தேன். புத்தகத்தைத் தூக்கி இருபத்திரண்டு பேருக்கும் காட்டினேன். "பத்தாவதுல உக்காந்துகிட்டு நாலாவது படிக்கிறியா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பர்வீன் எழுந்தாள். ஸ்கேலை, பென்சிலை, டப்பாவை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டாள். மழை பெய்துகொண்டிருந்தது. குடையை எடுக்காமலே படி இறங்கிப் போய்விட்டாள்.

மிஸ் என் பக்கம் திரும்பினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். குரலை உயர்த்தவில்லை. "சார், பத்து நாளா அந்தப் புள்ள என்ன செஞ்சிருக்குன்னு உங்களுக்கு எதுவரைக்கும் தெரியும்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றுமே தெரியாது. ஆனாலும் விறைப்பாக நின்றேன்.

அந்த வாரமே பெற்றோர் திரண்டு வந்தார்கள். பத்தாவது பிள்ளைகளுக்கு நாலாவது பாடம் நடத்துகிறார் என்றால் அவருக்குப் பத்தாவதே தெரியாது என்று தீர்ப்பு சொன்னார்கள். அதில் இரண்டு பேரின் பிள்ளைகள் அதே மிஸ்ஸிடம் இருபதிலிருந்து ஐம்பதுக்கு ஏறியிருந்தார்கள். அதை யாரும் பேசவில்லை. டைரக்டர் மிஸ்ஸை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

"அரையாண்டு முடியிற வரைக்கும் மட்டும் வாரேன். ஒரு மூலையில உக்காந்துக்கிடுதேன். அந்தப் புள்ளைய வரச் சொல்லுங்க" என்று மிஸ் கேட்டார்.

"வேணாம்மா. பேரு கெட்டுப் பூடும்" என்றார் டைரக்டர். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். 

மிஸ் பையைத் தூக்கிக்கொண்டு போனார். யாரோ ஒரு டீச்சர் வேலையை விட்டுப் போன கதை என்று அதோடு மறந்துவிட்டிருப்பேன். பொங்கலுக்கு ஒரு பேன்ட்டின் நீளம் குறைக்கப் பூந்தமல்லிக்குப் போனேன். தெரியாமல் நுழைந்தது பர்வீன் அப்பாவின் கடை. அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "டீச்சரம்மா தெனம் சாயந்தரம் ஆவடிலேந்து பஸ் புடிச்சி இங்க வந்தாங்க சார். இந்தக் கட்டிங் டேபிள்லதான் ரெண்டு பேரும் உக்காந்து போட்டாங்க. மொத ஒரு வாரம் பொண்ணு வாயே தொறக்கல. டீச்சரம்மா பாட்டுக்கும் காஜா எடுத்துக் குடுத்துகினு உக்காந்திருப்பாங்க. அரையாண்டுல முப்பத்தெட்டு சார்! டி.சி. பேச்சே இல்ல இப்ப" என்று டீ வாங்கிக் கொடுத்தார். அட்டையைக் கிழித்தது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. பர்வீன் வீட்டில் சொல்லவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

பொதுத்தேர்வில் பர்வீன் எழுபத்திரண்டு. அந்தக் கோடையில் மிஸ்ஸின் கணவருக்கு வடக்கே மாற்றல் வந்து குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். ஆவடி ஸ்டேஷனில் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். டிபன் கேரியரையும் மூட்டைகளையும் எண்ணிக்கொண்டிருந்தவர், "இதையெல்லாம் எங்கயாவது எழுதி வச்சாலும் சார், என் பேரை மட்டும் போட்டுறாதிய" என்று சிரித்தார். நான் கேட்க வந்ததைக் கேட்காமலே ரயில் போய்விட்டது.

இப்போது இந்த ஃப்ளெக்ஸ். படத்தில் இருப்பது பர்வீன். பதினொன்றும் எழுபத்திரண்டும் அவள் மார்க். சிரித்துத் துரத்திய பெண்ணின் மார்க்கைக் கூசாமல் எடுத்து மாட்டியிருக்கிறார்கள். திங்கட்கிழமையே மிஸ்ஸுக்கு போன் போட்டுக் கத்தினேன். உங்க வாக்கியத்தைத் திருடிவிட்டார்கள் என்றேன்.

"அது என்ன சார் எங்க வீட்டுப் பித்தளைப் பாத்திரமா, காணோம்னு புகார் குடுக்க? யாரு கேட்டா என்ன, கேட்டாச் சரி. ஆனா படம் போட்டாங்கள்லா, அந்தப் புள்ளைட்ட கேட்டாங்களா?" என்றார்.

அதைக் கேட்கத்தான் நேற்று பூந்தமல்லிக்குப் போனேன். பர்வீன் இப்போது பன்னிரண்டாவது, காமர்ஸ். கட்டிங் டேபிளில் கணக்குப்பதிவியல் நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தாள். போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். அவளிடம் யாரும் கேட்கவில்லை. நான் ஆரம்பித்துவிட்டேன். திருட்டு என்றேன், அயோக்கியத்தனம் என்றேன், இவர்களையெல்லாம் சும்மா விடக் கூடாது என்றேன். அவள் அப்பா மிஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பர்வீன் டேபிளின் அடியிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். தேதி, ஒரு வரி, மிஸ்ஸின் கையெழுத்து. 'கால் இஞ்சு வரைக்கும்.' 'மீதி வராத வகுத்தல் வரைக்கும்.' 'மீதி வர்ற வகுத்தல் பாதி வரைக்கும்.' நவம்பரில் ஒரு தேதி மட்டும் இருந்தது, அதற்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. அடுத்த வரி இரண்டு வாரம் கழித்து. அந்த வெற்று இடத்தில் அவள் விரலை வைக்கவில்லை. வைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

"சார், உங்களுக்குக் கோவம் வந்துகீது, சரி. நீங்க இன்னும் அங்கதான வேலைல கீறீங்க?"

"ஆமாம்மா."

அவள் நோட்டின் நடுவிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். டைரக்டருக்கு நிதானமாக இப்படி எழுதினாள்: என் படத்தை எடுத்துவிட வேண்டும். நவம்பரிலேயே நான் உங்கள் சென்டரிலிருந்து போய்விட்டேன். எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் இவர். அந்த இடத்தில் மிஸ்ஸின் முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதினாள். கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவோடு தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க எதுவரைக்கும் வருவீங்க சார்?"

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இந்த வயதில் புது சென்டரில் யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஒரு கணம் ஓடியது. ஓடவில்லை என்று சொன்னால் பொய். பேனாவை எடுத்து அவள் கையெழுத்துக்குக் கீழே என் பெயரை எழுதி, சாட்சி என்று போட்டுக் கையெழுத்திட்டேன். பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி தாளை நீட்டினேன்.

பர்வீன் அதை வாங்கிப் படித்தாள். மறுபடியும் என் பக்கமே வைத்தாள்.

"நாலாவது புக்க எல்லாருக்கும் தூக்கிக் காட்னது நீங்கதான்னு ஒரு வரி எழுதுங்க சார்."

அவள் அப்பா மிஷினிலிருந்து எழுந்து வந்து அவள் பின்னால் நின்றார். எழுதுவதற்குத் தாளின் அடியில் இடம் இல்லை. தாளைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தேன்.